இரண்டாம் எண் குடும்பத்தின் அப்பா

எங்கள் ஊர் அனாதை இல்லம் ஒழிக்கப்பட்ட நாளில் மதியச் சாப்பாடு முட்டைக்கோஸ் சூப்பு. நான் அங்கே சமையல்காரி என்பதால் இது நினைவிருக்கிறது. சூப்பு அடுப்பில் ஏறியபோது அது அனாதை இல்லமாக இருந்தது. பாதி வெந்தபோது டைரக்டர் அம்மா எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, புகாரெஸ்டிலிருந்து உத்தரவு வந்துவிட்டது, ருமேனியாவில் இனி அனாதை இல்லங்களே கிடையாது என்று அறிவித்தார். சூப்பை இறக்கும்போது அதே கட்டிடத்தில் ஆறு குடும்பங்கள் இருந்தன. அதே ஊழியர்கள், அதே கட்டில்கள், அதே குழந்தைகள். வாசல் பலகையில் 'இல்லம்' என்பதை அடித்துவிட்டுக் 'குடும்பங்கள்' என்று எழுத டிரைவர் டோடெர் ஏணி வைத்து ஏறிக்கொண்டிருந்தார்.

பழைய ஆட்சி விழுந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டு டாக்டர்கள் ஊர் ஊராக வந்து எங்கள் குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். விழுந்தால் அழாமல் எழுந்து போவதைப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்பதைப் பார்த்தார்கள். ஊருக்குப் போய்த் தடிமனாக ஓர் அறிக்கை அனுப்பினார்கள். அதில் இருந்ததெல்லாம் ஒரே விஷயம்தான்: இந்தக் குழந்தைகளுக்குச் சோறு இருக்கிறது, கூரை இருக்கிறது, தங்களுக்கென்று ஒருவர் இல்லை.

எங்கள் டைரக்டர் திருமதி பர்வு அதை முழுவதும் படித்தார். படித்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார்.

"இத்தனை வருஷமா என்ன குறைன்னே தெரியாமத் தவிச்சோம். இப்பக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாங்க. அம்மா அப்பா இல்லையாம். அவ்வளவுதானே, நியமிச்சுருவோம்."

அம்மாக்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு குடும்பத்துக்குக் காலை அம்மா, மாலை அம்மா, இரவு அம்மா என்று மூன்று பேராகப் போட்டும் இரண்டு பேர் மிச்சமிருந்தார்கள். அவர்களைச் சித்திகளாக வைத்துக்கொண்டார்கள். சிக்கல் அப்பாக்களிடம் வந்தது. மொத்தக் கட்டிடத்திலும் ஆண்கள் மூன்றே பேர். டிரைவர் டோடெர், காவலாளி இலாரியோன், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் கவ்ரில். இதில் இலாரியோன் மதியத்துக்கு மேல்தான் தெளிவாகப் பேசுவார், இருட்டினால் மறுபடி பேச மாட்டார். ஆளுக்கு இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொடுக்கலாம் என்றார் டைரக்டர் அம்மா. ஊர்ப் பாதிரியார் காதுக்கு அது எட்டியதும் அவர் நேரிலேயே வந்து, ஒருவனுக்கு இரண்டு குடும்பம் என்பதைத் திருச்சபை ஒப்புக்கொள்ளாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசித்து ஒரு வழி கண்டார்கள். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் இத்தாலியில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். ஆகவே நான்காம், ஐந்தாம், ஆறாம் குடும்பங்களின் அப்பாக்கள் இத்தாலியில் இருப்பதாகப் பதிவு செய்யப்பட்டது. ஒரு பத்திரிகையில் சவர பிளேடு விளம்பரத்தில் வந்த ஆளின் படத்தை வெட்டி, சட்டம் போட்டு, ஆறாம் குடும்பத்தின் சுவரில் மாட்டினார்கள். குழந்தைகள் தூங்கப் போகும்முன் அவருக்குக் கையசைத்தார்கள்.

கவ்ரில் இரண்டாம் எண் குடும்பத்துக்கு நியமிக்கப்பட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். மனைவி இறந்து வெகுநாளாகிவிட்டது, பிள்ளை கிடையாது, ரயில் பாதை ஓரத்து வீட்டில் தனியாக இருந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. கொதிகலனோடு இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டார் என்று சொல்வோம். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் டைரக்டர் அறை வாசலில் நின்றபோது நான் காப்பி கொண்டு போயிருந்தேன்.

"எனக்கு இது பழக்கமில்லைங்க, டைரக்டரம்மா."

"எது?"

"அப்பாவா இருக்கிறது."

"பாய்லருக்கு வந்தப்ப மட்டும் பழக்கம் இருந்துச்சா? கத்துக்கலையா? போங்க கவ்ரில். அதுல பாதி கஷ்டம்கூட இதுல இல்ல. இது வெடிக்காது."

அதே குடும்பத்துக்குக் காலை அம்மாவாக வந்தவள் அக்லாயா. கவ்ரிலின் பக்கத்து வீட்டுக்காரி. அவருடைய பிளம் மரத்தின் கிளை இவள் வேலிக்கு மேலே வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இப்போது ஒரே உத்தரவில் கணவன் மனைவி ஆகிவிட்டார்கள். அக்லாயா என் சமையற்கட்டில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தாள். "இந்த ஆளைக் கட்டிக்கிறியான்னு சர்ச்சில வெச்சு என்னைக் கேட்டிருந்தாக்கூட வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன், சாஃப்தா. அரசாங்கம் என்னைக் கேக்கவே இல்ல" என்றாள்.

அப்பாவின் கடமைகள் வரையறுக்கப்பட்டிருந்தன. காலையில் குழந்தைகள் பார்க்க வேலைக்குக் கிளம்ப வேண்டும். மாலையில் வீடு திரும்ப வேண்டும். திரும்பும்போது கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும். கவ்ரிலின் வேலை அதே கட்டிடத்தில், குழந்தைகள் சாப்பிடும் அறைக்கு நேர் கீழே. ஆனாலும் அவர் தினமும் தொப்பி வைத்துக்கொண்டு, குழந்தைகளிடம் சொல்லிக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கி, பனியில் கட்டிடத்தைச் சுற்றி வந்து பின்பக்கப் படியில் கொதிகலன் அறைக்குள் நுழைவார். மாலையில் அதே வழியே திரும்புவார். இதைப் பார்த்து டோடெர் கேலி செய்தபோது, "போகாம எப்படித் திரும்பி வர்றது?" என்று கேட்டார். கேலி அவருக்குப் புரியவில்லை.

முதல் நாள் வெறுங்கையோடு வந்ததற்கு எச்சரிக்கை கிடைத்தது. மறுநாள் கரிச் சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கு ஒன்று கொண்டுவந்தார். அவர் கைக்கு எட்டுவது அதுதான். குழந்தைகளுக்குப் பிட்டுக் கொடுத்தார். அது வழக்கமாகிப் போனது.

அந்தக் குடும்பத்தில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெட்ரோனேலா. நேலா என்போம். பிறந்த ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போன குழந்தை. அவள்தான் எங்கள் இல்லத்தின் மாதிரிக் குழந்தை. யார் வந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள், மடியில் ஏறி உட்காருவாள், "அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்பாள். மாட்டேன் என்றால் வருத்தப்படாமல் அடுத்தவரிடம் போவாள். முட்டி பெயர்ந்தாலும் ஒரு சத்தம் வராது. குழந்தைகளின் சமூக வளர்ச்சிக்கு என்று மாவட்டத்தில் மதிப்பெண் போடுவார்கள். கூச்சமின்மைக்கும் துணிவுக்கும் நேலாவுக்கு இரண்டு வருடமாக முழு மதிப்பெண். மாவட்ட இன்ஸ்பெக்டர் திரு. புர்லாகு அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு விழாவில் பேசியே இருக்கிறார். "இந்தக் குழந்தைக்கு யாரும் அந்நியர் இல்லை. நம் அமைப்பு உருவாக்கிய புதிய மனிதர் இவர்" என்றார். அவர் பேச்சை முடிப்பதற்குள் நேலா மடியிலிருந்து இறங்கிப் போட்டோக்காரரிடம் போயிருந்தாள்.

குளிர்காலம் பாதி போன சமயம் புகாரெஸ்டிலிருந்து இன்னொரு சுற்றறிக்கை வந்தது. இயல்பான குடும்பங்களில் கருத்து வேறுபாடுகள் உண்டு, சண்டையையும் சமாதானத்தையும் கண்டு வளரும் குழந்தையே உணர்ச்சி முதிர்ச்சி பெறும் என்று அதில் இருந்தது. புதன்கிழமை சண்டைக்கு ஒதுக்கப்பட்டது. மற்றக் குடும்பங்கள் திணறின. டோடெருக்கு விஷயமே கிடைக்காமல் தன் நியமன மனைவியோடு டீசலைப் பற்றிச் சண்டை போட்டார். ஆறாம் குடும்பத்தில் அம்மாக்கள் சுவரில் மாட்டிய இத்தாலி அப்பாவின் படத்தைப் பார்த்துத் திட்டினார்கள். இரண்டாம் எண் குடும்பத்துக்கு மட்டும் ஒத்திகை தேவைப்படவில்லை. அக்லாயா பிளம் மரத்திலிருந்து ஆரம்பித்து, இலை உதிர்ந்து அடைத்த சாக்கடை வழியாக, அவர் வளர்த்துச் செத்துப்போன நாய் வரைக்கும் போனாள். முதல் புதன் கவ்ரில் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். இரண்டாம் புதன், "அந்த நாய் உன்னைவிடக் கம்மியாத்தான் குரைச்சுது" என்றார். உத்தரவுப்படி சமாதான முத்தம் தரவேண்டிய இடத்தில் கை குலுக்கிக்கொண்டார்கள்.

நேலா இரண்டு சண்டையையும் கதவோரம் நின்று பார்த்தாள். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அப்பா வருகிறாரா என்று பார்த்தாள். வந்தார். அக்லாயாவும் வந்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி. கத்திய பிறகும் ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று அவள் அதுவரை கண்டதில்லை.

அதன்பிறகுதான் அவள் மாறத் தொடங்கினாள். மதியம் மற்றக் குழந்தைகள் படுத்திருக்கும்போது சாப்பாட்டு அறைத் தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொள்வாள். கீழே கவ்ரில் கரி அள்ளும் சத்தம் கேட்கும். அது நின்றதும் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். பால்காரர் வந்தால் முன்பெல்லாம் தோளில் தொங்குவாள், இப்போது யாரோ என்று பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள். கவ்ரில் வேறு குழந்தைக்கு முதலில் கிழங்கைப் பிட்டுக் கொடுத்தால் உதட்டைப் பிதுக்கினாள். ஒருநாள் கஞ்சி வேண்டாம் என்றாள். எங்கள் இல்லத்தில் ஒரு குழந்தை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கரண்டியும் கையுமாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

பனி உருகிய நாளில் முற்றத்தில் ஓடும்போது நேலா வழுக்கி விழுந்தாள். எழுந்துகொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். கொதிகலன் அறைப் படியில் கவ்ரில் நிற்பதைக் கண்டாள். கண்ட பிறகு, வாயைத் திறந்து, அழ ஆரம்பித்தாள்.

முற்றம் முழுதும் நின்றுவிட்டது. ஆடிக்கொண்டிருந்த குழந்தைகள்கூட ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். கவ்ரில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார். அவருக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது. "நான் ஒண்ணும் பண்ணலைங்க, நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளோ அவருடைய கரி படிந்த கழுத்தில் முகத்தை வைத்து அழுது தீர்த்தாள். ஆறு வருடத்து அழுகை, கொஞ்சத்தில் நிற்குமா.

மறுநாள் விசாரணை. சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டைரக்டர் அம்மாவும் திரு. புர்லாகுவும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கவ்ரில் இந்தப் பக்கம் தொப்பியை உருட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தப் பொண்ணுக்கு அழக் கத்துக் கொடுத்தது யார்?" என்றார் புர்லாகு.

"தெரியலைங்க."

"நல்லா இருந்த குழந்தைய்யா இது. யாரையும் தேடாது, எதுவும் கேக்காது. இப்ப என்ன ஆச்சு பாருங்க. அழுவுது, அடம்பிடிக்குது, பொறாமைப்படுது, வெளியாள் வந்தா ஒளிஞ்சுக்குது. கூச்சமின்மைல பூஜ்யம். ஒரே குளிர்காலத்துல இவ்வளவு பின்னடைவு நான் பார்த்ததே இல்ல."

டைரக்டர் அம்மா வருத்தத்தோடு தலையசைத்தார். கவ்ரில் கெட்டவர் இல்லை என்றும், அனுபவமில்லாமல் செய்துவிட்டார் என்றும் பரிந்து பேசினார். பிறகு, "பாசம் அரசாங்கத்தோட சொத்து கவ்ரில். எல்லாருக்கும் சமமாப் போகணும். நீங்க ஒரே இடத்துல கொட்டிட்டீங்க" என்றார்.

இனி அப்பாக்கள் இடம் மாறி மாறிப் பணிபுரிவார்கள் என்று தீர்மானமானது. கவ்ரில் இத்தாலியிலிருந்து திரும்பிவிட்டதாகக் காட்டி ஐந்தாம் எண் குடும்பத்துக்கு மாற்றப்பட்டார். இரண்டாம் எண்ணுக்கு டோடெர் வந்தார். முதல் நாள் மாலை அவர் கையில் பிஸ்கட்டோடு நுழைந்து, "அப்பா வந்துட்டேன்" என்றதும் நேலா அவர் கையைக் கடித்தாள். பிஸ்கட்டை விட்டுவிட்டுக் கையை.

அந்த வாரமே டென்மார்க்கிலிருந்து ஒரு டாக்டர் அம்மா பார்வைக்கு வருவதாக இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்தோம். பூட்டி வைத்திருந்த பொம்மைகளை எடுத்து அடுக்கினோம், அவற்றைத் தொடக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்தோம். கார் வந்து நின்றதும் வழக்கம்போல் எல்லாக் குழந்தைகளும் பாய்ந்து போய் அந்த அம்மாவின் கையிலும் கோட்டிலும் தொங்கினார்கள். நரைத்த தலை, நெட்டையான பெண்மணி. அவர் ஒவ்வொரு தலையாகத் தடவிக் கொடுத்தார், ஆனால் சிரிக்கவில்லை. டைரக்டர் அம்மாவுக்கு அது ஏன் என்று புரியவில்லை.

ஊழியர்கள் குடும்ப வாரியாக வரிசையில் நின்றிருந்தோம். நேலா வரிசையின் பின்னால் சுற்றிப் போய், ஐந்தாம் குடும்பத்தில் நின்ற கவ்ரிலின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் காலுக்குப் பின்னால் நின்றாள். டாக்டர் அம்மா குனிந்து கை நீட்டினார். நேலா முகத்தைச் சுளித்து, "போ" என்றாள்.

டைரக்டர் அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. இது ஒன்றுதான் இங்கே கெட்டுப்போன குழந்தை, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று மொழிபெயர்க்கச் சொன்னார். டாக்டர் அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டு நேலாவின் உயரத்துக்குக் குந்தினார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்த்த பையன் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு சொன்னான்:

"இங்க நல்லா வளர்ந்துட்டு வர்ற குழந்தை இது ஒண்ணுதான்னு சொல்றாங்க."

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் திருமதி பர்வு உத்தரவை நிறைவேற்றுவதில் மாவட்டத்திலேயே முதல் ஆள். வெளிநாட்டு வல்லுநர் எதைப் பாராட்டினாரோ அது எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தார். கோடைக்குள் ஒவ்வொரு குழந்தையும் ஓர் ஊழியரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஊழியர் என்பதற்கு அட்டவணை போட்டார்கள். மதிய உணவுக்குப் பின் அழுகைப் பயிற்சி. குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து, காலை அம்மாக்கள் முன்னால் நின்று அழுது காட்டினார்கள். குழந்தைகள் சத்தத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணீர்தான் வரவில்லை. நான் வெங்காயம் நறுக்கிக் கொடுக்க வேண்டும் என்று சமையற்கட்டுக்கு உத்தரவு வந்தது. கொடுத்தேன்.

கவ்ரிலுக்கு நடந்தது இன்னும் மோசம். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மாவட்டத்திலுள்ள அப்பாக்கள் அத்தனை பேருக்கும் பயிற்சியாளராக நியமித்து மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினார்கள். அங்கே விடுதி, மேடை, மைக். மற்ற இல்லங்களின் டிரைவர்களும் காவலாளிகளும் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்களாம். பாசம் உண்டாக நீங்கள் கையாண்ட முறை என்ன என்று புர்லாகு கேட்டிருக்கிறார். கவ்ரில் மைக்கைப் பார்த்து, "எனக்குத் தெரியலைங்க. உருளைக்கிழங்கு சுட்டேன். சாயங்காலமானா வந்தேன்" என்றிருக்கிறார். கைதட்டினார்கள். அடுத்த வாரமே மாவட்டம் முழுவதற்கும் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு ஒதுக்கீடு ஆனது. சாயங்காலம் வருவதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை, அதற்கு ஆள் தேவைப்படும்.

அவர் போகும்போது நேலாவிடம் சொல்லிக்கொள்ளத்தான் செய்தார். ஆனால் மாலையில் திரும்பவில்லை. அடுத்த மாலையும் இல்லை. கீழே கரி அள்ளப் புது ஆள் போட்டிருந்தார்கள். நேலா தரையில் காதை வைத்துக் கேட்டாள். சத்தம் வந்தது. நின்றது. ஜன்னலுக்கு ஓடினாள். வேறு யாரோ படியேறி வந்தார்கள். சில நாள் இப்படிச் செய்துவிட்டு, நிறுத்திக்கொண்டாள். அழுகைப் பயிற்சியில் எல்லோரும் வாயைப் பிளந்து கத்த, அவள் மட்டும் நடுவில் சும்மா உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினாள். அக்லாயா மடியில் எடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள். நேலா மறுக்கவில்லை. அதுதான் அக்லாயாவை உலுக்கியது. "மூட்டையத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கா, சாஃப்தா" என்றாள்.

பயிற்சி முடிந்து கவ்ரில் வந்த காலையில் நான் பால் வாங்க முற்றத்தில் நின்றிருந்தேன். அவர் கேட்டுக்குள் நுழைகிறார், நேலா பால்காரரின் கையைப் பிடித்தபடி வெளியே போகிறாள். "அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்று பால்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கவ்ரிலையும் நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்தவர் என்ற அடையாளமே முகத்தில் இல்லை. இன்னொரு கை சும்மா இருந்ததால் அதை அவரிடம் நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார், ஈர மண்ணில்.

கொஞ்ச நேரத்தில் டைரக்டர் அறையில் இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றார். டைரக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். கவ்ரில் அரசாங்கப் பணியில் அப்பாவாக இருக்கிறார். பணியில் இருக்கும் அப்பா, இல்லத்துக் குழந்தைக்கு வெளியே அப்பாவாக இருப்பது பதவியைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

"அப்ப வேலைய விட்டுர்றேன்."

"எந்த வேலைய?"

"ரெண்டையும்."

"அப்பாவா இருக்கறதுக்காக அப்பா வேலைய விடறேங்கிறீங்க. நீங்க பேசறது உங்களுக்காவது புரியுதா, கவ்ரில்?"

"புரியலைங்க. ஆனா விட்டுர்றேன்."

மாவட்ட அலுவலகத்தில் தேடியபோது தனியாளாக இருக்கும் ஆண் குழந்தை வளர்க்கக் கேட்பதற்கு ஏற்பாடே இல்லை என்று தெரிந்தது. இருந்த ஒரே பதவி, புதிதாக உண்டாக்கிய 'தொழில்முறைத் தாய்' என்பது. ஆண்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்று எழுத எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. கவ்ரில் விண்ணப்பித்தார். திரு. புர்லாகு மூக்குக் கண்ணாடியை இறக்கி, அப்பா வேலையையே விட்டுவிட்டவர் அம்மாவாக எப்படி இருப்பீர்கள் என்று கேட்டார். கவ்ரில், முயற்சி செய்கிறேன் என்றார். பயிற்சி வகுப்பில் பெண்கள் நடுவில் உட்கார்ந்து, தாய்ப்பால் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை என்பது வரைக்கும் அடக்கமாகக் கேட்டுத் தேறினார். தலைபின்ன அக்லாயா சொல்லிக் கொடுத்தாள். பழகுவதற்கு அவர் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். "குதிரை வாலுக்குக்கூட இதைவிட நல்லாப் பின்னுவாங்க. அவுத்துட்டு மறுபடி பின்னுய்யா" என்பாள். அவர் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவார்.

இதற்கெல்லாம் கோடை முழுவதும் ஆனது. அந்தக் கோடையில் ஒரு மாலைகூட அவர் வராமல் இருக்கவில்லை. இப்போது ஊழியர் இல்லை என்பதால் உள்ளே விடக்கூடாது. கேட்டுக்கு வெளியே நிற்பார், கம்பி வழியே பேசுவார். முதலில் நேலா தெருவில் போகிற எவரிடமும் வருவதுபோல அவரிடமும் வந்தாள். பிறகு சில நாள் வரவே இல்லை, தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் வந்து கம்பிக்கு வெளியே கையை விட்டு அவரை அடித்தாள். இரண்டு கையாலும், மூச்சிரைக்க. அவர் முகத்தை வாகாகக் காட்டிக்கொண்டு நின்றார். அக்லாயா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அடிக்கிறா பாரு, அடிக்கிறா" என்றாள். அவள் கண்ணுக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

அனுமதி வந்த நாளில் டைரக்டர் அம்மா ஒரு சிறு விழா வைத்தார். நம் அமைப்பின் வெற்றி இது, ஓர் ஆண் ஊழியரைத் தாயாக உயர்த்தியிருக்கிறோம், நாட்டில் வேறெங்கும் நடக்காதது என்று பேசினார். நேலா பேச்சின் நடுவே சத்தமாக, எப்போது போகலாம் என்று கேட்டாள். எல்லோரும் வாசலுக்கு வந்தோம். கவ்ரில் ஒரு கையில் அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு மறு கையை அவளிடம் நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கேட்டைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள். ரயில் பாதைப் பக்கம் இறங்கும் தெருவில் வாத்துகளை விரட்டிக்கொண்டு, தண்ணீர்க் குட்டையில் இரண்டு காலாலும் குதித்து, ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

டைரக்டர் அம்மா என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா சாஃப்தா" என்றார். "அந்த ஆள் வர்றாரான்னுகூடத் திரும்பிப் பாக்கல. பாசம் கீசம் ஒண்ணும் இல்ல. நான் அப்பவே சொன்னேன்."

தெருக்கோடியில் நேலா வளைவு திரும்பி மறைந்துவிட்டாள். கவ்ரில் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், அவள் போன வழியே நடந்துகொண்டிருந்தார்.